கொழும்புப் பாட்டும் அவள் நின்ற இடமும்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். தூத்துக்குடி துறைமுகத்தில் எனக்கு மின்சார வேலை. கல்யாணமாகிச் சில வாரங்கள்தான். ஆற்றங்கரை ஊரில் பிறந்த என் மனைவிக்கு இந்த உப்புக்காற்று ஒட்டவில்லை, நானும் ஒட்டவில்லை.

"நாளைக்கு அப்பா வாராவ. நானும் அவியகூட ஊருக்குப் போறேன்" என்றாள் ஒரு சாயங்காலம். எப்போது திரும்புவாய் என்று கேட்கத் தைரியமில்லை. நானே செய்த ஒற்றை வால்வு ரேடியோவின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கம்பிச்சுருளும் கண்டன்சரும் ஒத்துப்போனால்தான் நிலையம் கிடைக்கும். குமிழைத் திருகத் திருக இரைச்சல்தான் வந்தது. அறைக்கே கேட்கட்டும் என்று ஹெட்போனைப் பித்தளைச் சட்டிக்குள் போட்டிருந்தேன்.

விளக்கு வைக்க அவள் பக்கத்தில் வந்தாள். சட்டிக்குள்ளிருந்து பாட்டு எழுந்தது. கடலுக்கு அப்பால், கொழும்பில் யாரோ தமிழில் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் நகர்ந்தாள், பாட்டு கரைந்துபோனது.

"ஏளா, அங்கனயே நில்லு!"

"நான் நின்னா எப்படிப் பாடும்?"

"ஆள் கிட்ட வந்தா டியூனிங் மாறும்."

நின்றாள். விளக்குச் சுடரில் அறை தோணியைப் போல மெல்ல அசைந்தது. குமிழை மயிரிழை திருப்பினால் அவள் நிற்கவே வேண்டாம். எனக்குத் தெரியும். கை வரவில்லை.

அவளே எட்டி நின்று, கையை மட்டும் நீட்டிக் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையை எடுத்த பிறகும் பாட்டு தெளிவாக வந்தது.

"இனி நான் நிக்க வேண்டாம்லா?" என்றாள்.

நகர்ந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளோ வந்து என்னருகில் உட்கார்ந்தாள். பாட்டு மறுபடி இரைச்சலானது. இருவருமே குமிழைத் தொடவில்லை.

மறுநாள் மாமனார் தனியாகத்தான் ஊர் திரும்பினார். அதன்பின் எத்தனையோ பாட்டுகள் கேட்டாயிற்று. மனம் தேடுவதென்னவோ அந்த இரைச்சலைத்தான்.