வெடிக்காரரின் சட்டை

பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் புது வீடுகளுக்குச் சாவி கொடுக்கும் விழா. அமைச்சர் வருவதால் விழாப் பந்தலின் வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு லேசர் கருவியை நிறுத்தியிருந்தார்கள். வரிசையில் நிற்பவரின் சட்டையில் அது தூரத்திலிருந்தே ஒளியைப் பாய்ச்சும். வெடிமருந்துத் தூசி இருந்தால் கத்தும். வாழ்த்துரை சொல்லப் போன எனக்கு முன்னால் நின்றவரைப் பார்த்து அது விடாமல் கத்தியது.

தோட்டத்து ரோட்டுக்காகப் பாறைக்கு வெடி வைப்பவர் அவர். மெலிந்த ஆள். காது மந்தமானதால் ரகசியம் சொன்னாலும் வரிசைக்கே கேட்கும்.

சட்டையை மாற்றிக்கொண்டு வரும்படி பொலிஸ்காரர் சிங்களத்தில் சொன்னார்.

"லயத்து வீட்டுக்குப் போயிட்டு வர நேரமில்லீங்க சேர். பேரு கூப்பிடுறப்ப நான் இல்லாட்டி வீடு வேற ஆளுக்குப் போயிரும்," என்றார் என்னிடம்.

"மெசின்ல பிழையோ?"

"மெசின் சரிங்க. எம் பொஞ்சாதி தெனம் சொல்றதத்தான் அதுவும் சொல்லுது."

அங்கே நின்ற ஜீப் ஒன்றுக்குப் பின்னால் சட்டை மாற்றிக்கொண்டோம். என் தொந்திக்குத் தைத்த சட்டையில் இன்னொருவருக்கும் இடமிருந்தது. கருவி அவரை மௌனமாக உள்ளே விட்டது. என்னைப் பார்த்துத்தான் கத்தியது. பொலிஸ்காரர் தூரத்துக் கதிரை ஒன்றைக் காட்டி உட்காரச் சொன்னார். வாழ்த்துரை இல்லாமல் விழா நன்றாகவே நடந்தது.

சாவியோடு வெளியே வந்த வெடிக்காரர் என்னைக் கவனிக்காமல் புது வீடுகளின் பக்கம் ஓடினார். சட்டையைக் கேட்கலாமென்று பின்னாலேயே போனேன். அவர் கதவைத் திறந்தார், பூட்டினார், மறுபடி திறந்தார். உள்ளே போகவேயில்லை. நான் கேட்காமலே பஸ் ஏறினேன்.