சாமி ரூமில் மாட்டிய வைஃபை

எங்க அண்ணன் ஆஸ்திரேலியாவில், மகள் வீட்டில் இருந்தபோது தவறிப்போனார். எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. தகனத்தை வீடியோவில் காட்டுகிறோம், காலை ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்காருங்கள் என்று அண்ணன் மகள் சொல்லியிருந்தாள். கடைசியாக ஒருதரம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தேன்.

எங்கள் வீட்டு வைஃபை பெட்டி சாமி ரூமில் இருக்கிறது. மாட்ட வந்தவர் ஹாலில்தான் வைக்கச் சொன்னார். புதுசாக வருவது எதுவானாலும் முருகன் காலடியில் இருக்கட்டும் என்று பிடிவாதமாக அங்கே மாட்டவைத்து, திருநீறும் பூசினேன். அந்த ரூம் கதவு முழுக்கப் பித்தளைத் தகடு. பகலெல்லாம் திறந்தே இருப்பதால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. அண்ணன் போன சேதி வந்ததும், தீட்டாயிற்றே என்று கதவைச் சாத்திப்போட்டேன்.

ஏழு மணிக்குப் பூ வைத்த பெட்டி தெரிந்தது. மூடியைத் திறக்கப் போனார்கள். படம் அப்படியே நின்று, வட்டம் சுற்ற ஆரம்பித்தது. டிவியை அணைத்து மறுபடி போட்டேன். வீட்டுக்காரி போனில் நெட்டை நிறுத்தினேன். வட்டம் நிற்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார். அது மூடின ரூம்ல இருக்குதுங்களா?"

"சாமி ரூம்லீங்க அம்மணி."

"கதவத் தொறந்து வைங்க சார்."

வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். "தொறங்க. உங்க அண்ணன் மொகத்தப் பாக்கத்தானுங்க, சாமி கோவிச்சுக்குமா?"

"தீட்டு ஊட்ல சாமி கதவத் தொறக்கறதா? உனக்குப் புத்தி இருக்குதா?" என்றேன். தீட்டில்லாத பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன்.

அந்த அம்மா உடனே வரவில்லை. "குளிக்காம சாமி ரூமுக்குள்ள எப்படீங்க வாரது, அஞ்சே நிமிசம்" என்று குளிக்கப் போய்விட்டது. குறை சொல்ல எனக்கு வாயேது. நான் உட்கார்ந்து வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் எட்டடி தூரத்தில்.

ஈரத்தலையோடு வந்து அந்த அம்மா கதவைத் திறந்ததும் படம் பளிச்சென்று ஓடியது. பெட்டிக்கு முன்னால் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். ஆட்கள் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

சாத்தச் சொல்லி முருகன் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சாத்தினேன்.

சற்று நேரத்தில் அண்ணன் மகள் போன் பண்ணினாள். "உங்களுக்காகத்தான் சித்தப்பா, அப்பா மொகத்த மூட வேண்டாம்னு இன்னும் கொஞ்ச நேரம் கேட்டு வாங்குனேன். நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன் கண்ணு" என்றேன்.