குறுக்காக இருந்த கைப்பிடி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரை மணி இருக்கும். முடிச்சூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால், புதிதாக மனை பிரித்த நிலத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். தாம்பரம் பக்கம் குடியிருப்பவர்கள் விமானச் சத்தத்துக்குத் தலை தூக்குவதில்லை. விமானப்படைத் தளம் அருகிலேயே இருப்பதால் காது பழகிவிட்டது. அன்று என்னை நிமிர வைத்தது சத்தம் அல்ல. சத்தமே இல்லாமல் மண்ணில் ஓடிய ஒரு நிழல்.

இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். மூக்கிலிருந்த விசிறி சுற்றவில்லை. மனைகளுக்கு நடுவே விட்டிருந்த மண் சாலையில் இறங்கி, நேராக ஓடி, ஓர் எல்லைக்கல்லில் முன்சக்கரம் இடித்து, மூக்கைத் தரையில் குத்தி நின்றது. கதவைத் திறந்துகொண்டு இறங்கியவளுக்கு இருபது வயது இருக்கலாம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒரு கீறல். வேறு யாரும் உள்ளே இல்லை.

கடற்கரைக் குப்பத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் அக்காதான் முதலில் ஓடிப்போய் அவளைப் பிடித்தார். வேலியோரம் வேப்ப மர நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "இன்னா கண்ணு, தனியாவா வந்தே? எவன் உன்னை ஒண்டியா அனுப்புனான்?"

ஒரு பழைய ஃபிளையிங் கிளப்பின் மாணவி என்றும், பயிற்சியில் தனியாகப் பறந்தபோது இன்ஜின் நின்றுவிட்டது என்றும் அவள் சொன்னாள். கைபேசியில் பயிற்றுநருக்குத் தகவல் சொல்லிவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நிலத்தின் சொந்தக்காரர் அந்த ஊர்க்காரர். ஒரு காலத்தில் அங்கே நெல் போட்ட குடும்பம். அன்று மனை பார்க்க ஒரு தம்பதியை அழைத்து வந்திருந்தார். அதிர்ச்சி நீங்கியதும் அவர்களிடம் திரும்பினார். "பார்த்தீங்களா சார், ஏரோப்ளேனே எறங்குது. அவ்ளோ கெட்டி மண்ணு!" அந்த அம்மாள், "அதெல்லாம் சரி, ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல இங்க தண்ணி எவ்வளவு நின்னுச்சு?" என்று கேட்டார். அவர் சிகரெட் பற்றவைத்தார்.

நான் பல வருடங்கள் செய்தித்தாளில் வேலை பார்த்தவன். சட்டைப்பையில் சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். இறங்கிய நேரம், சக்கரத் தடத்தின் நீளம் முப்பத்தெட்டு தப்படி, இறக்கையிலிருந்த எழுத்துகள் என எல்லாவற்றையும் குறித்தேன். பிறகு விமானத்தின் அருகே போனேன். கதவு திறந்தே இருந்தது. அவ்வளவு பக்கத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உள்ளே ஸ்கூட்டர் சீட்டைப் போலக் கிழிந்து ஒட்டுப் போட்ட இருக்கைகள். அவற்றுக்கு நடுவே தரையில் ஒரு சிறிய கைப்பிடி, குறுக்காக. பைக்கில் பெட்ரோல் டேங்குக்குக் கீழே இருக்குமே, அந்த மாதிரி. இது திரும்புமா என்று தோன்றியது. திருப்பினேன். 'டக்'கென்று நேராக நின்றது. சரி என்று தலையை வெளியே எடுத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மீன்கார அக்கா மூக்கை உறிஞ்சினார். "பெட்ரோல் நாத்தம் வருது. யோவ் அண்ணா, மொதல்ல அந்த சிகரெட்ட அணை!"

விமானத்தின் மூக்குக்கு அடியிலிருந்து பெட்ரோல் கொட்டிக்கொண்டிருந்தது. நில உரிமையாளர் சிகரெட்டைக் காலால் நசுக்கிவிட்டு ஓடினார். நாங்கள் எல்லோரும் ஓடினோம். அந்தப் பெண் மட்டும் எதிர்த்திசையில், விமானத்தை நோக்கி ஓடி, உள்ளே கைவிட்டாள். கொட்டுவது நின்றது. திரும்பி வந்தவளின் முகம், விமானத்திலிருந்து இறங்கியபோது இருந்ததைவிட மோசமாக இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் பயிற்றுநர் காரில் வந்து சேர்ந்தார். நடந்ததை அவளே ஒன்றுவிடாமல் சொன்னாள், பெட்ரோல் வால்வு திறந்திருந்தது உட்பட.

"மூக்கு இடிச்சதுல குழாய் உடைஞ்சிருக்கு. இறங்கறதுக்கு முன்னாடி வால்வை மூடியிருந்தா ஒரு சொட்டு வந்திருக்காதேம்மா."

"மூடினேன் சார்."

"அப்புறம் எப்படித் திறந்திருக்கும்?"

"மூடின மாதிரிதான் சார் ஞாபகம்."

"பயத்துல மறந்திருப்பே. அது தப்பில்ல. ஆனா இனிமே உன்னைத் தனியா அனுப்ப என்னால கையெழுத்துப் போட முடியாது."

அவள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மறந்துட்டேன்போல சார்" என்றாள்.

நான் பத்தடி தள்ளி நின்று அதையும் குறித்துக்கொண்டிருந்தேன். பேனா நின்றது. அந்தக் கைப்பிடிதான் அந்த வால்வு, குறுக்காக இருந்தால் மூடியிருக்கும், நேராக இருந்தால் திறந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. போலீஸ் வருமே, பெயர் கேட்பார்களே என்றுதான் மனம் ஓடியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. அதை மட்டும் நான் குறிக்கவில்லை.

மீன்கார அக்கா கூடையை மொபெட்டில் கட்டிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இன்னா சார், எல்லாத்தையும் எழுதிகினு கீறியே, நீ உள்ள தலைய வுட்டு நோண்டுனியே, அத எழுதினியா?"

அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி மொபெட்டில் சாய்ந்து நின்றார். நான் பயிற்றுநரிடம் நடந்தேன். "சார், அதைத் திருப்பினது நான்தான்" என்றேன்.

"படிச்சவங்கதானே சார் நீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. எழுந்து நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"அங்கிள், நீங்க திருப்பறதுக்கு முன்னாடி அது எப்படி இருந்தது?"

"குறுக்கா இருந்ததும்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவள் மண்ணிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். விமானம் மூக்கைக் குத்தி நின்றபோதுகூட அவள் அழவில்லை.

போலீசாரிடமும் பிறகு வந்த அதிகாரிகளிடமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நன்றாகவே திட்டு வாங்கினேன். இன்ஜின் ஏன் நின்றது என்பது அவர்கள் விசாரித்த விஷயம், எனக்குத் தெரியாது. சில மாதம் கழித்து, வாக்குமூலத்தில் ஒரு விவரம் சரிபார்க்கப் பயிற்றுநர் தொலைபேசியில் அழைத்தார். அந்தப் பெண் மறுபடி பறக்கிறாளா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "போன வாரம் தனியாப் போய்ட்டு வந்தா" என்றார்.

வேலையில் இருந்த காலமெல்லாம், நேரில் பார்த்தவர் சொன்னதாக எத்தனையோ செய்திகளை நம்பி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். இப்போது யாராவது ஒரு விபத்தைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால், என்ன பார்த்தீர்கள் என்பதோடு, அப்போது உங்கள் கை எங்கே இருந்தது என்றும் கேட்கத் தோன்றுகிறது.