நெற்றியில் பொட்டு வைத்த பௌலர்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. காபியில் இரண்டு வாய்கூட இறங்கவில்லை. மச்சான் சரவணனிடமிருந்து போன்.

"மாமா... கவிதா என் கார்டுக்குப் பொட்டு வெச்சுட்டா!"

அழாத குறை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கார்டு? ஏ.டி.எம். கார்டா, ரேஷன் கார்டா? வைத்தால்தான் என்ன? ஆயுத பூஜை அன்று நம் வீடுகளில் பொட்டு வாங்காமல் தப்பித்த பொருள் எது? செம்பாக்கத்தில் எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஃபிரிட்ஜுக்கு உண்டு, மிக்ஸிக்கு உண்டு, இன்வெர்ட்டருக்கு உண்டு. வைஃபை பெட்டிக்கும் சந்தனம், குங்குமம். அதற்குப் பிறகு நெட் நல்ல வேகமாக வருகிறது என்று என் மனைவி சாதிக்கிறாள். நான் எதிர்த்துப் பேசவில்லை. வீடு என்று ஒன்று நடக்க வேண்டுமே!

"எந்தக் கார்டுடா?" என்றேன்.

"பௌலர் சார் கார்டு, மாமா."

ஐயையோ.

சரவணன் என் மனைவியின் தம்பி. கவிதா அவன் மனைவி. மேடவாக்கத்தில் அபார்ட்மென்ட், ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை. மற்ற நேரமெல்லாம் கிரிக்கெட் கார்டு. முன்பெல்லாம் பபிள்கம் பாக்கெட்டோடு வருமே... ஒரு பக்கம் ஆட்டக்காரரின் படம், மறுபக்கம் மேட்ச், ரன், விக்கெட் கணக்கு. அதேதான். பபிள்கம்மைத் துப்பிவிட்டுக் கார்டைப் பத்திரப்படுத்திய தலைமுறையில் பிறந்தவன் அவன். இப்போது நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு, அந்தக் கார்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறான். அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் இருப்பவர்கள் கார்டின் மூலை மழுங்கியிருந்தால் துக்கம் விசாரிப்பார்கள். கிண்டல் இல்லை, நானே பார்த்தேன்.

அந்தச் சேகரிப்பிலேயே ராஜா, இந்தப் பௌலர் சார் கார்டு. மனிதர் தாம்பரம் பக்கத்துக்காரர். இடது கை சுழற்பந்து. கூச்ச சுபாவம் என்பதால் பெயர் வேண்டாம். மாநில அணிக்குப் பல வருஷம் ஆடியவர். ஒரே ஒரு முறை இந்திய அணிக்குக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுப் பயணம். பபிள்கம் கம்பெனிக்காரர்கள் அவசர அவசரமாக அவர் படத்தைக் கார்டில் போட்டுவிட்டார்கள். ஆனால் பயணம் முழுக்க அவருக்குக் கிடைத்தது தண்ணீர் பாட்டில் தூக்கும் வேலைதான். ஒரு மேட்சில்கூட இறக்கவில்லை. திரும்பி வந்தார். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. கம்பெனியும் கார்டை நிறுத்திவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. பையன்கள் அந்தக் கார்டுகளை வைத்து ஓர் ஆட்டம் ஆடுவார்கள். 'விக்கெட்' என்று ஒருவன் சொல்வான். யார் கார்டில் எண்ணிக்கை அதிகமோ அவன் ஜெயித்தான். கார்டில் இந்தியாவுக்கு ஆடிய கணக்கு மட்டும்தான் என்பதால், பௌலர் சார் கார்டில் எல்லா இடத்திலும் பூஜ்யம். கையில் வைத்திருந்தவன் தோற்றான். கடுப்பில் கிழித்துப் போட்டான். அப்புறம் எங்கிருந்து கிடைக்கும்?

ஆக, அந்தக் கார்டு அபூர்வமானதற்குக் காரணம் அதில் இருப்பவர் ஆடாததுதான். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட கார்டைச் சரவணன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பிடித்தான். துருப்பிடித்த ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்றின் அடியில், கீறல் இல்லாமல், மூலை மழுங்காமல் கிடந்ததாம். அன்று அவன் குரலைக் கேட்டிருக்க வேண்டும். குழந்தை பிறந்தபோதுகூட அவ்வளவு சத்தமாகப் பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் நிஜாம் பாய் வந்தார். மேடவாக்கத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் செயற்கைப் புல் விரித்து, வலை கட்டி, லைட் போட்டு கிரிக்கெட் டர்ஃப் ஒன்று அமைத்துவிட்டார். பூஜை முடிந்த சனிக்கிழமை திறப்பு விழா. ரிப்பன் வெட்ட வருபவர்? சாட்சாத் நம் பௌலர் சார்.

சரவணனுக்குத் தூக்கம் போயிற்று. கார்டில் கையெழுத்து வாங்கலாமா, கூடாதா?

குரூப்பில் கேட்டான். பட்டிமன்றம்தான்! வாங்கினால் மதிப்பு ஏறும் என்று ஒரு கட்சி. அப்பழுக்கில்லாத கார்டில் மை பட்டால் போச்சு என்று இன்னொரு கட்சி. பால் பாயின்ட் பேனா அழுந்திவிடும், மார்க்கர் என்றால் வழவழப்பில் இழுவிவிடும் என்று மூன்றாவது கோஷ்டி. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குரூப்பில் பெரிய கை. அவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "சர்டிபிகேட் இல்லாத சிக்னேச்சர் வெறும் கிறுக்கல்ங்க தம்பி. தொடாதீங்க."

என்னிடமும் கேட்டான். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"வாங்குடா! அவர் நேர்ல வர்றாரு. கல்யாணப் பத்திரிகையை பீரோவுல பூட்டி வெச்சுட்டு, பந்திக்குப் போகாம இருப்பியா?"

இந்த விஷயத்தில் எனக்கு எப்போதுமே சந்தேகம் கிடையாது. நம்மவர்களுக்குப் பிடித்த பொருளைத் தொடவே பயம். டி.வி. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை. புது கார் சீட்டின் கவரை வருஷக்கணக்கில் பிரிப்பதில்லை. வேர்த்து ஒட்டினாலும் அதன்மேல்தான் உட்காருவோம். விருந்தாளிகளுக்கென்று வாங்கிய பீங்கான் கோப்பைகள் ஷோகேஸை விட்டு இறங்கியதே இல்லை. அந்த விருந்தாளி யார், எப்போது வருவார்? யாருக்கும் தெரியாது. நாம் மட்டும் எவர்சில்வர் டம்ளரில் குடித்துக்கொண்டே இருப்போம்.

"அது இல்ல மாமா..." என்று இழுத்தான் சரவணன். "மதிப்புகூட அப்புறம். அவர் ஆடாததாலதான் இது ரேர். அதை அவர்கிட்டயே நீட்டி, 'சார், இதுல கையெழுத்து போடுங்க'ன்னா... கஷ்டமா இருக்காதா?"

உண்மைதான். ஆனாலும் விடுவேனா? "நீ பாசத்துல கேக்கற. அவருக்குப் புரியும்" என்று அடித்துச் சொன்னேன். ஆலோசனை சொல்பவனுக்கு என்ன நஷ்டம்!

ஆயுத பூஜை அன்று கடைசி முறையாக குரூப்பில் கேட்டுவிடலாம் என்று, படம் எடுப்பதற்காகக் கார்டை அதன் உறையிலிருந்து வெளியே எடுத்திருக்கிறான். நல்ல வெளிச்சம் பூஜை மேடைப் பக்கம்தான். மகளின் புத்தக அடுக்கின்மேல் வைத்துவிட்டு, கோணம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இருந்து கூச்சல். தண்ணீர் லாரி! அபார்ட்மென்ட்டில் தண்ணீர்ப் பொறுப்பு இந்த மாதம் அவனுடையது. போட்டது போட்டபடி ஓடினான்.

திரும்பி வந்து பார்த்தால், புத்தகங்களுக்குப் பொட்டு, பென்சில் பாக்ஸுக்குப் பொட்டு... பௌலர் சாருக்கும் பொட்டு! நடு நெற்றியில், கனகச்சிதமாக, சந்தனத்தின்மேல் குங்குமம்.

"பூஜையில இருந்துச்சு, வெச்சேன். பைக்குக்கு வெச்சப்போ மட்டும் பல்லைக் காட்டிட்டு நின்னீங்க?" என்றாளாம் கவிதா. டிஷ்யூவால் துடைக்கப் போனவனையும் தடுத்துவிட்டாள். "சாமிக்கு வெச்சதை அழிக்கக் கூடாது." அதற்குள் எண்ணெயைக் குடிப்பதுபோலக் கார்டு குங்குமத்தைக் குடித்துவிட்டது.

குரூப்பில் இரங்கல் செய்திகள் குவிந்தன. கோயம்புத்தூர்க்காரர் கைகூப்பிய படம் ஒன்றை மட்டும் அனுப்பினார்.

"சரி, விடு" என்றேன் நான். "இனிமே மதிப்பு போயிடுமேங்கற பயம் இல்ல பாரு. தைரியமா கையெழுத்து வாங்கலாம்."

"மாமா, உங்களுக்கு இன்னும் புரியலையா? போட்டோவுல பொட்டு யாருக்கு வைப்பாங்க?"

அட, ஆமாம்! நம் வீடுகளில் படத்துக்குப் பொட்டு என்றால் ஒன்று சாமி... இல்லாவிட்டால் சாமியிடம் போய்ச் சேர்ந்தவர். உயிரோடு டர்ஃபில் வந்து நிற்கப்போகிற மனிதரிடம், பொட்டு வைத்த அவர் படத்தையே எப்படி நீட்டுவது? அதுவும் எல்லாமே பூஜ்யம் என்று எழுதிய படத்தை?

சனிக்கிழமை மாலை சரவணன், கவிதா, நான் மூவரும் போனோம். டர்ஃப் ஜோராக இருந்தது. வாழைமரம், சீரியல் செட், ஸ்பீக்கரில் காது கிழியும் பாட்டு. நிஜாம் பாய் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார். "வா சார், வா. சாரு உள்ள கீறாரு" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

பௌலர் சார் ஒல்லியாக, நரைத்த மீசையோடு, பிளாஸ்டிக் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். விளையாட வந்திருந்த இளவட்டங்களுக்கு அவரைத் தெரியவில்லை. "ப்ரோ, யாரு இவரு?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இந்தியாவுக்கு ஆடவே இல்லடா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றிருந்தது. அவர் காதில் விழுந்தது. எனக்கு அந்தப் பையன் மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது.

சரவணன் சட்டைப் பையைத் தொட்டான். கையை எடுத்தான். "வேணாம் மாமா, போயிடலாம்" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

நான் விடவில்லை. முதுகில் கை வைத்துத் தள்ளினேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு! எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

"சார்... ஒரு ஆட்டோகிராஃப்..."

கார்டை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது... என்னோட கார்டா?" கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "வந்திருக்குன்னு சொன்னாங்க. நான் டூர்ல இருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள நிறுத்திட்டாங்க. இன்னைக்குதாம்பா முதல் தடவையா பார்க்கறேன்."

தன் கார்டைத் தானே பார்க்காத மனிதர்!

பிறகு அவர் விரல் படத்தின் நெற்றிக்குப் போனது. "இது என்ன? பொட்டா? ஏம்ப்பா, எனக்குப் படையலே போட்டுட்டீங்களா?"

கவிதா முன்னால் வந்தாள். "நான்தான் சார் வெச்சேன். ஆயுத பூஜை... புத்தகத்தோட புத்தகமா இருந்துச்சு. மன்னிச்சுக்கோங்க சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பாடா என்று மூச்சுவிட்டோம். அதற்குள் இளவட்டங்கள் சுற்றி வந்துவிட்டார்கள். போனில் தேடினானே, அதே பையன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, இது ரொம்ப ரேரா?"

"ஆமாம்ப்பா" என்றான் சரவணன், பெருமை தாங்காமல்.

"ஏன் ரேர்?"

அவ்வளவுதான். கார்டுகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் மச்சான் தரையைப் பார்த்தான். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் வாய் கிழியப் பேசுகிறேனே, நானும்தான். பௌலர் சார் கார்டைத் திருப்பினார். பின்பக்கத்துப் பூஜ்யங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னை நானே திட்டிக்கொண்டேன். எதற்குத் தள்ளிவிட்டேன்?

கவிதாதான் பேசினாள். யோசிக்கவே இல்லை.

"பொட்டு வெச்சிருக்கு இல்ல? உலகத்துலயே பொட்டு வெச்ச கிரிக்கெட் கார்டு இது ஒண்ணுதான். அதான் ரேர்."

பையன்கள் 'ஓ' என்று கத்தினார்கள். ஒருவன் படம் எடுக்க ஆரம்பித்தான். பௌலர் சார் கவிதாவையே பார்த்தார்.

"ஏன் ரேர்னு எனக்குத் தெரியும்மா" என்றார் மெதுவாக. "நான் ஆடலை. அதான் காரணம். ரொம்ப நாள் அது உறுத்திட்டே இருந்துச்சு. ஆனா நீ சொன்ன காரணம் நல்லா இருக்கு. இனிமே யாராவது கேட்டா அதையே சொல்லிடறேன்."

சரவணன் வெளிப்படையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சரவணனிடமிருந்து சில்வர் மார்க்கரை வாங்கினார். எங்கே போடுவது என்று கொஞ்சம் பார்த்தார். "பொட்டு மேல படாம போடறேன்" என்று, தோளுக்குக் கீழே, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். காயும்வரை ஊதினார். பிறகு பையன்களைப் பார்த்து, "பந்து இருக்கா?" என்றார். ரிப்பன் வெட்ட வந்தவர், தோல் செருப்போடு ஓர் ஓவர் போட்டார். போனில் தேடிய பையன்தான் பேட்டிங். இரண்டாவது பந்திலேயே ஸ்டம்ப் போயிற்று. அவனே முதலில் கைதட்டினான்.

கையெழுத்து போட்ட கார்டின் படத்தை குரூப்பில் போட்டான் சரவணன். அஞ்சலி செலுத்திய அதே கோயம்புத்தூர்க்காரர் தனியாக மெசேஜ் அனுப்பினார். "என்ன விலைன்னாலும் பரவாயில்லைங்க தம்பி."

மச்சானின் பதில் எனக்குப் பிடித்திருந்தது. "பூஜையில வெச்சதுங்க. விக்கறதுக்கில்ல."

ஆகவே, அபூர்வமான கார்டில் கையெழுத்து வாங்கலாமா? வாங்குங்கள். சந்தேகமே வேண்டாம். பெட்டியில் பூட்டிய பிரியம் யாருக்குப் போய்ச் சேரும்?

சரவணனுக்கு இப்போது ஆசை வந்துவிட்டது. அடுத்த ஆயுத பூஜைக்கு மற்ற கார்டுகளையும் வரிசையாக எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறான்.

கவிதா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். "எல்லாத்துக்கும் வெச்சா, அப்புறம் அது எப்படிங்க ரேர்?"