தாய்ச் சங்கிலியும் பதினேழாம் தேதிக் கூடையும்

தேவிபட்டினத்து நண்டுக் கொட்டகையில் மஜீதாவுக்கு 'போட்டோ அக்கா' என்றுதான் பெயர். பதினோரு வருஷம் ஓடுடைத்துச் சதை எடுத்தவள், இரண்டு வருஷமாக வேறு வேலை பார்க்கிறாள். கரைக்கு வரும் ஒவ்வொரு கூடையையும் கொட்டிப் பரப்பி, படமெடுத்து, கம்பெனி செயலி வழியாக, பிளாக்செயின் என்கிற கணினிப் பதிவேட்டில் ஏற்றுவாள். வாங்கக் கூடாத, முட்டை சுமக்கும் சினை நண்டை வாங்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. "தாய்ச் சங்கிலியில் பதிவானது" என்று பச்சை எழுத்து வந்ததும், "இனி எந்தக் கொம்பனாலயும் அழிக்க ஏலாது" என்பாள். பிறகு படத்தை வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடுவாள்.

ஜூன் மாதம் இடி விழுந்தது. ஜனவரி பதினேழாம் தேதிக் கூடை முழுக்கச் சினை நண்டு என்று யாரோ கம்பெனிக்குப் புகார் கொடுத்திருந்தார்கள். மூன்று நாளில் அது பொய்யென்று நிரூபிக்காவிட்டால் கொட்டகையை மூடுவார்களாம். பன்னிரண்டு பெண்களின் பிழைப்பு.

"தாய்க்கிட்ட இருக்குடி" என்று தைரியமாகச் செயலியைத் திறந்தாள் மஜீதா. படம் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஒற்றை வரி மட்டும் இருந்தது. தோஹாவில் கம்ப்யூட்டர் வேலையிலிருக்கும் சின்னம்மா மகன் ரிஃபாயை அழைத்தாள்.

"நீங்க ஏத்துனது பிள்ளைச் சங்கிலியில லாத்தா. நண்டுக்கு ஒன்னு, மஞ்சளுக்கு ஒன்னு, மாங்காய்க்கு ஒன்னுன்னு தனித்தனிப் பிள்ளைங்க. சேர்ற பதிவை மூட்டையாக் கட்டித் தாய்ச் சங்கிலிக்கிட்ட ஒப்படைப்பாங்க. எல்லாத்துக்கும் தாய்தான் காவல். ஆனா அத்தனை படத்தையும் அது சுமக்குமா? படத்தைக் கணக்குப் போட்டு எடுத்த அந்த ஒத்தை வரிதான் முத்திரை, அதை மட்டும் வச்சுக்கிரும். பிள்ளையும் தொண்ணூறு நாள்ல பழசை உதறிரும்."

"யா அல்லாஹ்! அப்ப படம்?"

"அசல் உங்ககிட்டதான் இருக்கணும். குடுத்தா தாய் முத்திரையோட ஒப்பிட்டுச் சொல்லிரும்."

வாட்ஸ்அப்பிலிருந்த படத்தை ஏற்றினாள். "பொருந்தவில்லை" என்று சிவப்பு எழுத்து வந்தது.

"வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிரும் லாத்தா. ஒரு புள்ளி மாறுனாலும் முத்திரை ஏத்துக்காது."

"பெத்த தாய் கூட இம்புட்டுக் கறாரா இருக்க மாட்டா!"

நண்டு உடைத்துக்கொண்டிருந்த பூமயில் நிமிர்ந்தாள். "அக்கா, போன மாசம் எனக்குக் குடுத்த உங்க பழைய போன்ல கார்டு ஒன்னு இருக்கு. நீங்க போன்ல அழிச்சதெல்லாம் அதுல நகலாத் தங்கிருக்கு. பாட்டு ஏத்த எடமே இல்ல, பூரா நண்டாக் கெடக்கு!"

அந்தக் கார்டில் பதினேழாம் தேதிப் படம் இருந்தது. ஏற்றினாள். "பொருந்துகிறது." கொட்டகையே கூச்சலிட்டது. மஜீதா சந்தோஷத்தில் படத்தை விரல்களால் விரித்துப் பார்த்தாள்.

மூலையில் ஒரு நண்டு மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றில் மஞ்சளாய் முட்டைப் பொதி.

அன்றைக்கு அவளே பார்த்து, அவளே ஏற்றிய படம்!

பூமயில் குரலைத் தாழ்த்தினாள். "மூலைய மட்டும் வெட்டிட்டு அனுப்புங்கக்கா."

"வெட்டுனா பொருந்தாதுடி. அனுப்பாட்டி முழுக்கூடையும் சினைன்னு ஆயிரும்."

கம்பெனிக்கு எழுதினாள்: "கூடை முழுக்க இல்லை. முப்பத்தெட்டில் ஒன்று. கவனிக்காமல் விட்டது நான்." படத்தோடு அனுப்பினாள்.

கடும் எச்சரிக்கையோடு கொட்டகை தப்பியது. இப்போது மஜீதா ஒவ்வொரு நண்டையும் மல்லாத்திப் போட்டுத்தான் படமெடுக்கிறாள். அந்தப் பச்சை எழுத்து வந்த பிறகும் படத்தை அழிக்காமல், இன்னொரு தரம் மூலைவரை விரித்துப் பார்க்கிறாள்.