தம்பிக்குக் குடலில், அண்ணனுக்கு ஈரலில்

எண்பதுகளில் தாராவியில் ஊரார் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதைத் தீப்பெட்டியில் வாங்கிய லேப்காரர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

ஒரே பூச்சி

தோல் பட்டறை காதர் பாய்க்குக் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. தம்பி யூசுப்பும் அவரும் ஒரே சட்டிச் சோறு என்பதால் இருவர் தீப்பெட்டியும் வந்தது. இரண்டிலும் அமீபா. ஆனால் தம்பிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரே பூச்சின்னா, அவன் பிரியாணி திங்கான், நான் ஏன் கஞ்சி குடிக்கேன்? லேப்புல ஏதோ கோல்மால் வே."

பிறவி

மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடித் தகட்டை ஆள் மாற்றி வைத்துவிட்டேனோ என்று எனக்கே பயம். மாட்டுங்காவிலிருந்து வரும் எங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், பிறவி வேற. ஒண்ணு குடலோட சாதுவா கிடக்கும், இன்னொண்ணு துளைச்சிண்டு ஈரலுக்குப் போயிடும். வெளிநாட்டுல பிரிச்சுப் பார்க்கறாளாம், உம்ம மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது. அவரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும்."

சோதனை

பாய் போகவில்லை. முதலில் என்னைச் சோதித்தார். இருவர் பெயரும் எழுதி மறுபடி இரண்டு தீப்பெட்டி. இரண்டிலும் அமீபா என்றேன். "ரெண்டுமே தம்பியோடதுதான். பரவால்ல, ஒழுங்காத்தான் பாக்கீரு."

சுத்தம்

அடுத்த வாரம் தன்னுடையது என்று ஒன்று அனுப்பினார். எவ்வளவு தேடியும் பூச்சி இல்லை. ஒருமுறை ஏமாந்தவன் சும்மா விடுவேனா? உங்களுடையதைக் கொண்டுவாருங்கள் என்று திருப்பினேன். மறுநாளும் சுத்தம், மறுபடி திருப்பினேன். மூன்றாம் நாள் யூசுப் அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. மூன்று நாளை வீணாக்கியவன் நான், இன்றும் உறுத்துகிறது. டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கத்தினார். "ஈரலுக்குக் குடி போனது மலத்துல தெரியணும்னு யார் சொன்னா? அனுப்பினது அவரோடதுதான்!"

ஊசி

ஆஸ்பத்திரியில் ஈரலில் ஊசி குத்தி, காப்பி நிறத்தில் ஒரு பாட்டில் சீழ் எடுத்தார்கள். யூசுப் வராந்தாவில் அழுதுகொண்டே நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. பாய் கண்ணைத் திறந்து பாட்டிலைப் பார்த்தார், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது என்னதுதானா வே? மாத்திக் கீத்தி வச்சுட்டானுவளா?"

அந்தச் சந்தேகத்தைக் கேட்ட பிறகுதான் பாய் பிழைத்துவிட்டார் என்று நான் நம்பினேன்.