காஜா பேராங்கில் ஒரு சிமெண்டு பெஞ்சு

தலை வெட்டும் மேடை என்றுதான் முதலில் நினைத்துவிட்டேன். ஜப்பான்காரன் ஆட்சிக் காலம். காஜா பேராங் சாலையோரம் இரண்டு சிமெண்டுக் கால்கள், மேலே ஒரு சிமெண்டுப் பலகை, பக்கத்தில் வாளோடு ஜப்பான் அதிகாரி. சைக்கிளில் கிளேபாங் போகிற என்னைக் கைகாட்டி அழைக்கிறான். எனக்குத் தெரிந்த சாமிகள் போதவில்லை. தெரியாத சாமிகளையும் கும்பிடுகிறேன்.

"பயப்படாதீங்கண்ணே, பெஞ்சுதான்," என்கிறார் தமிழ்க் கொத்தனார். "மூணு துண்டு. கழட்டி எந்தத் திடல்லயும் பூட்டிக்கலாம். கம்பி கிடைக்கல, உள்ளாற மூங்கில் வச்சிருக்கேன். ஒடஞ்சா எனக்கு அறைதான்."

"அதுக்கு நான் எதுக்குய்யா?"

"மரவள்ளிக்கிழங்கு தின்னு ஊரே குச்சியாப் போச்சு. இந்தத் தொப்பைய வேற எங்கண்ணே தேடுறது?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். அதிகாரியும் பக்கத்தில் அமர்ந்து, நிதானமாகச் சிகரெட் பற்றவைக்கிறான். கொத்தனார் பலகையின் அடியையே பார்க்கிறார்.

சிகரெட் முடிகிறது. அதிகாரி எழுந்து போகிறான். பலகை உடையவில்லை.